மணிக்கட்டுக்குள்ளே ஒரு படகு!

ஹாஸ்டல் கிரவுண்ட். டென்னிஸ் பால் மேட்ச். கடைசி ஓவர். தலைக்கு மேல பறக்கிற பந்தை ஒரே டைவ்ல அமுக்கறீங்க. பசங்க எல்லாம் ஓடிவந்து தோள்ல தூக்கிவெச்சுக் கொண்டாடறாங்க. விழும்போது ஊன்றின கை மட்டும் 'விண் விண்'னு தெறிக்குது. விரலை ஆட்டிப் பார்க்கறீங்க... ஆடுது. வீக்கமும் பெருசா இல்லை. "சுளுக்குதான் மச்சான், தைலம் தேய்ச்சா ரெண்டு நாள்ல சரியாயிடும்!" ரூம்மேட்டே டாக்டராகி, மருந்துச் சீட்டும் எழுதிடறான். மேட்டர் ஓவர்!

ஆனா, ஓவர் ஆகலை பாஸ். இந்த ஸீன்ல டைவ் அடிச்ச ஹீரோ சாட்சாத் அடியேன்தான். இன்னிக்கும் என்னால ஒழுங்கா ஒரு புஷ்-அப் எடுக்க முடியாது. ஏன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, டாக்டர் ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு 'ம்ம்ம்...'னு பார்க்கிறாரே, அந்தக் கறுப்பு ஃபிலிம்ல அப்படி என்னதான் தெரியுதுன்னு ஒரு ரவுண்டு பார்த்துட்டு வந்துடலாமா?

முதல் 'ஷாட்'டே ஒரு கைதான்!

எக்ஸ்-ரேவுக்கும் கைக்கும் ஆரம்பத்துல இருந்தே ஒரு லவ்ஸ். ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் ரான்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டுபிடிச்சது 1895 நவம்பர் 8. டிசம்பர் 22-ம் தேதி தன் மனைவியோட கையைத்தான் படமா எடுத்தார். எலும்பும், விரல்ல கிடந்த மோதிரமும் பளிச்னு விழுந்த அந்தப் படம் உலகப் புகழ் பெற்றுச்சு. 1901-ல இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசும் அவருக்கே!

அடுத்த சில வாரங்கள்லயே ஒரு கேம்பஸ் கதை. அமெரிக்காவில் டார்ட்மவுத் காலேஜ். உறைஞ்சு கிடந்த கனெக்டிகட் ஆத்து மேல ஸ்கேட்டிங் போன எடி மெக்கார்த்திங்கிற பையன், வழுக்கி விழுந்து கையை உடைச்சுக்கிட்டான். டாக்டர் கில்மன் ஃப்ராஸ்ட் அவனை நேரா காலேஜ் லேபுக்குக் கூட்டிட்டு வந்துட்டார். டாக்டரோட தம்பி எட்வின் ஃப்ராஸ்ட் அங்கே வானியல் புரொஃபசர். 1896 பிப்ரவரி 3-ம் தேதி, கிட்டத்தட்ட 20 நிமிஷம் கையை ஆடாம அசையாம வெச்சிருந்து எடுத்தாங்க படத்தை. அமெரிக்காவில் சிகிச்சைக்காக எடுத்த முதல் எக்ஸ்-ரேக்கள்ல ஒண்ணு இது. அதுவும் மணிக்கட்டு!

எட்டுப் பேர் கொண்ட குழு

முன்கையில ரெண்டு எலும்பு. கட்டை விரல் பக்கம் இருக்கறது ரேடியஸ். சுண்டு விரல் பக்கம் இருக்கறது அல்னா. இந்த ரெண்டுக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல கூழாங்கல்லைக் கொட்டி வெச்ச மாதிரி எட்டு குட்டி எலும்புங்க, ரெண்டு வரிசையில உட்கார்ந்திருக்கு.

முன்கைப் பக்கத்து வரிசையில, கட்டை விரல் பக்கத்துல இருந்து எண்ணுங்க. படகு மாதிரி ஸ்கேஃபாய்டு, பிறை நிலா மாதிரி லூனேட், முக்கோணமா ட்ரைக்வீட்ரம், அதுக்கு மேலே பட்டாணி சைஸ்ல பிசிஃபார்ம். விரல் பக்கத்து வரிசையில ட்ரப்பீசியம், ட்ரப்பீசாய்டு, இருக்கறதுலயே பெரியண்ணனான கேப்பிடேட், கொக்கி வெச்ச ஹேமேட். பேரெல்லாம் வாயில நுழையலையா? டோன்ட் வொர்ரி. படகு, நிலா, பெரியண்ணன், கொக்கி... இந்த நாலு பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, போதும். வில்லங்கம் பெரும்பாலும் இவங்ககிட்டதான்.

ஒரு கொசுறு. பிறந்த குழந்தையோட மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்தா இந்த எட்டுப் பேர்ல ஒருத்தர்கூடத் தெரியமாட்டாங்க! எல்லாம் குருத்தெலும்பா இருக்கும். கேப்பிடேட் முதல்ல தலைகாட்ட, மத்தவங்க வருஷக்கணக்குல ஒவ்வொருத்தரா ஆஜர் ஆவாங்க.

ஒரு படம் பத்தாது!

ஒரு தீப்பெட்டியை நேரா முன்னால இருந்து பார்த்தா அது எவ்வளவு ஆழம்னு தெரியுமா? தெரியாது. எலும்பும் அப்படித்தான். அதனால மணிக்கட்டுக்குக் குறைஞ்சது ரெண்டு படம். ஒண்ணு நேர்ப்படம், இன்னொண்ணு பக்கவாட்டுப் படம். பல இடங்கள்ல சாய்வா ஒண்ணு சேர்த்து மூணா எடுப்பாங்க. படகெலும்பு மேல சந்தேகம்னா, கையைச் சுண்டு விரல் பக்கமா சாய்க்கச் சொல்லி ஸ்பெஷலா ஒண்ணு. அப்படிச் சாய்ச்சா, குறுகித் தெரியற படகு முழு நீளத்துக்கு நீண்டு போஸ் கொடுக்கும்.

அதனால, 'வலிக்குது'ன்னு டெக்னீஷியன்கிட்ட முகம் சுளிக்காம, அவர் சொல்ற பொசிஷன்ல ரெண்டு செகண்ட் பொறுத்துக்குங்க. எடி 20 நிமிஷம் பொறுத்தான்ல?

மூணு வளைவு... ஒரு ரகசியம்

இப்ப நேர்ப்படம் உங்க கையில. எங்கேருந்து ஆரம்பிக்கிறது? அமெரிக்காவோட செயின்ட் லூயிஸ் நகரத்து ரேடியாலஜிஸ்ட் லூயி கிலுலா 1979-ல சூப்பரா ஒரு வழி எழுதிவெச்சார். மனசுக்குள்ள மூணு வளைவு வரையணும்.

முதல் வரிசையோட (பட்டாணியை விட்டுடுங்க) முன்கைப் பக்கத்து விளிம்புல ஒரு கோடு. அதே வரிசையோட விரல் பக்கத்து விளிம்புல ரெண்டாவது. பெரியண்ணன், கொக்கி ரெண்டு பேரோட முன்கைப் பக்கத்து விளிம்புல மூணாவது. மூணும் வழுக்கிக்கிட்டுப் போற மாதிரி இருந்தா நிம்மதி. எங்கேயாவது படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கினா, உடைஞ்ச பாலம் மாதிரி நின்னுட்டா... அங்கே எலும்பு முறிஞ்சிருக்கலாம், இல்லேன்னா தசைநார் அறுந்து எலும்பு நகர்ந்திருக்கலாம்.

அடுத்து, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல இருக்கற சந்து. எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே அளவா இருக்கணும். முக்கியமா படகுக்கும் நிலாவுக்கும் நடுவுல 3 மி.மீ.-க்கு மேல போனா, ரெண்டையும் இழுத்துக் கட்டியிருக்கிற தசைநார் அறுந்திருக்கோன்னு டாக்டர் சந்தேகப்படுவார். இந்தச் சந்துக்கு 'டெர்ரி தாமஸ் அடையாளம்'னு பேர். யாரு பெரிய விஞ்ஞானியான்னு கேட்கறீங்களா? ஊஹூம்... முன் பல்லு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விட்டுச் சிரிக்கிற இங்கிலாந்து காமெடி நடிகர்! டாக்டருங்களுக்கும் ஹியூமர் உண்டு பாஸ்.

டீக்கடை டெஸ்ட்

பக்கவாட்டுப் படத்துல எல்லா எலும்பும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒரே குழப்பமா இருக்கும். பயந்துடாதீங்க. டீக்கடையை நினைச்சுக்குங்க. ரேடியஸ்தான் சாஸர். அது மேல கப் மாதிரி பிறை நிலா லூனேட். கப்புக்குள்ள முக்கின பன் மாதிரி கேப்பிடேட். சாஸர், கப், பன் மூணும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும்.

கப் இடத்துலயே இருந்து, பன் மட்டும் பின்னால நழுவிடுச்சா? பெரிய ஆபத்து. கப்பே கவிழ்ந்து உள்ளங்கைப் பக்கமா சாய்ஞ்சிருச்சா? அதுவும் ஆபத்துதான். இதுக்கு மெடிக்கல் புக்லயே 'கவிழ்ந்த டீ கப்'னுதான் பேர்! நேர்ப்படத்துல நாலு மூலையா தெரிய வேண்டிய லூனேட் அப்போ முக்கோணமா தெரியும்.

பைக்ல இருந்து தூக்கி எறியப்படறது, மாடியில இருந்து விழறதுன்னு பலமான அடியிலதான் இது வரும். 1993-ல வெளியான ஒரு பெரிய ஆய்வுல, இந்த வகைக் காயங்கள்ல நாலுல ஒண்ணு முதல்ல கண்ணுல படாமலே தப்பிச்சிருக்குன்னு சொன்னாங்க. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்துப்போய் ஜிவ்வுனு இருந்தா, நரம்பு நசுங்குதுன்னு அர்த்தம். 'காலையில பார்த்துக்கலாம்' கதையே கூடாது. ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

முள்கரண்டி கை

கையை ஊன்றி விழுந்தா அதிகமா உடையறது ரேடியஸோட நுனிதான். இதை டப்ளின் நகரத்து சர்ஜன் ஆபிரகாம் காலிஸ் 1814-லயே எழுதிட்டார். எக்ஸ்-ரே வர்றதுக்கு 81 வருஷம் முன்னாடி! கண்ணால பார்த்து, கையால தொட்டே கண்டுபிடிச்ச மனுஷன். உடைஞ்ச துண்டு புறங்கைப் பக்கமா ஏறிக்கும். பக்கவாட்டுல பார்த்தா கை, குப்புற வெச்ச முள்கரண்டி மாதிரி வளைஞ்சு தெரியும்.

எக்ஸ்-ரேயில எப்படித் தெரியும்? பக்கவாட்டுப் படத்துல ரேடியஸ் நுனி சாதாரணமா உள்ளங்கைப் பக்கம் 11 டிகிரி அளவுக்குச் சாய்ஞ்சிருக்கும். காலிஸ் முறிவுல அந்தச் சாய்வு புறங்கைப் பக்கம் திரும்பிடும். நேர்ப்படத்துல கட்டை விரல் பக்கத்து நுனி, சுண்டு விரல் பக்கத்தைவிட உயரமா, ஒரு 22 டிகிரி சரிவோட இருக்கும். அந்தச் சரிவு தட்டையாயிட்டா எலும்பு நசுங்கிக் குட்டையாகியிருக்குன்னு அர்த்தம்.

கோடெல்லாம் முறிவில்லை!

இங்கேதான் நாம நெட்ல பார்த்துட்டு 'அரைகுறை டாக்டர்' ஆகி அசிங்கப்படுவோம். முறிவுன்னா கறுப்புக் கோடு மட்டும்னு நினைச்சுக்காதீங்க. துண்டுகள் விலகினா கறுப்பாத் தெரியும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா வெள்ளையாவும் தெரியும். எலும்போட ஓரக்கோடு லேசா மடங்கியிருக்கிறதே சில சமயம் ஒரே தடயமா இருக்கும்.

அதே மாதிரி, ஃபர்ஸ்ட் இயர் பசங்க படத்துல ரேடியஸ் நுனியில குறுக்கே ஒரு கோடு தெரியலாம். பதறாதீங்க, அது வளர்ச்சித் தகடா இருக்கலாம். பசங்களுக்கு அது முழுசா மூட 18, 19 வயசுகூட ஆகும். ரெண்டு எலும்பு ஒண்ணை ஒண்ணு மறைக்கிற இடத்துலயும் பொய்க்கோடு விழும். அந்தக் கோடு எலும்பு எல்லையைத் தாண்டிப் போச்சுன்னா, அது பெரும்பாலும் நிழல்தான்.

துண்டு ஒண்ணு தனியா கிடந்தா, ஓரத்தைப் பாருங்க. புதுசா உடைஞ்சதுன்னா கரடுமுரடா கூர்மையா இருக்கும். பழசுன்னா ஓரம் மழுங்கி, சுத்தி வெள்ளை பார்டர் கட்டியிருக்கும்.

ஒளிஞ்சு விளையாடற படகு

இப்ப வருவோம் நம்ம கதாநாயகனுக்கு. எட்டு எலும்புல அதிகமா உடையறது படகு எலும்பு ஸ்கேஃபாய்டு. மணிக்கட்டுக் குட்டி எலும்பு முறிவுகள்ல 100-க்கு 60-க்கும் மேல இதுதான். பெரும்பாலும் நடு இடுப்புலதான் முறியும். அதிகமா மாட்டறது யாரு? 15-ல இருந்து 30 வயசு வரைக்கும் இருக்கற பசங்க. அதாவது நாம!

இதுல ரெண்டு வில்லத்தனம். ஒண்ணு, முதல் நாள் எக்ஸ்-ரேயில இது தெரியாமலே போகலாம். அஞ்சுல ஒண்ணு வரைக்கும் அப்படித் தப்பிச்சுக்கும்னு சொல்றாங்க. முடி அளவு விரிசல், துண்டுங்க நகராம ஒட்டிக்கிட்டே இருந்தா படத்துல எப்படித் தெரியும்? பத்துப் பதினாலு நாள் கழிச்சு, முறிஞ்ச ஓரம் கொஞ்சம் கரைஞ்ச பிறகு கோடு விழும். அதனாலதான் டாக்டர், 'படத்துல ஒண்ணும் இல்லை'ன்னு சொல்லிட்டே ஒரு கட்டையும் போட்டு, 'ரெண்டு வாரம் கழிச்சு வாங்க'ங்கிறார். வசதி இருக்கற இடங்கள்ல எம்.ஆர்.ஐ. எடுத்தா முதல் சில நாள்லயே குட்டு உடைஞ்சிடும்.

ரெண்டாவது வில்லத்தனம், ரத்த ஓட்டம். காவிரித் தண்ணி மேட்டூர்ல இருந்து இறங்கி, கடைசியா கடைமடைக்குப் போய்ச் சேருதுல்ல? ஸ்கேஃபாய்டுக்குள்ள ரத்தமும் அப்படித்தான். பெரும்பாலான ரத்தம் விரல் பக்கத்துல நுழைஞ்சு, பின்னோக்கிப் பாய்ஞ்சு முன்கைப் பக்கத்து நுனிக்குப் போகுது. நடுவுல உடைஞ்சா? வாய்க்கால் கட். கடைமடை காய்ஞ்சுடும். எலும்பு ஒட்டாது. அந்தத் துண்டு செத்தே போகலாம். எக்ஸ்-ரேயில அது மத்ததைவிட வெள்ளையாத் தெரியும். அப்படியே விட்டா சில வருஷத்துல மூட்டுத் தேய்மானம், இருபத்தஞ்சு முப்பது வயசுலயே!

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. கட்டை விரலை 'தம்ஸ் அப்' காட்டற மாதிரி நல்லா நீட்டுங்க. அதோட அடியில, ரெண்டு நரம்பு மாதிரி புடைச்சு நிற்கிற தசைநாண்களுக்கு நடுவுல ஒரு குழி விழுதா? அந்தக் காலத்துல அந்தக் குழியில மூக்குப்பொடியைக் கொட்டி உறிஞ்சினதால அதுக்கு 'மூக்குப்பொடி டப்பா'ன்னே பேர். விழுந்த பிறகு அந்தக் குழியை அமுக்கினா 'அம்மா'ன்னு கத்தத் தோணுதா? இல்லை, கட்டை விரலை நேரா உள்பக்கம் தள்ளினா வலிக்குதா? எக்ஸ்-ரே கிளியரா இருந்தாலும் சந்தேகம் கிளியர் ஆகலைன்னு அர்த்தம்.

அதே சமயம், உள்ளங்கையில சுண்டு விரல் பக்கத்து அடிப்பகுதி வலிக்குது, பேட்டையோ ராக்கெட்டையோ இறுக்கிப் பிடிக்க முடியலைன்னா, கொக்கி மேல சந்தேகம். ஹேமேட்டோட கொக்கி வழக்கமான படங்கள்ல சுலபமா சிக்காது. அதுக்குத் தனிக் கோணத்துல ஒரு படம், இல்லேன்னா சி.டி. ஸ்கேன் வேணும். எங்கே வலிக்குதுன்னு நீங்க டாக்டர்கிட்ட ஒரே விரலால தொட்டுக் காட்டினாதான் எந்தப் படம் எடுக்கணும்னு அவருக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் பசங்களுக்கு ஒரு சவால்

'நாங்க இன்ஜினீயரிங் பாஸ், எங்களுக்கு எதுக்கு எலும்பு?'ங்கிறீங்களா? ஃபைனல் இயர் புராஜெக்ட் தேடிட்டு இருக்கறவங்க கவனிங்க. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்துப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி, 6,091 குழந்தைகள், சிறுவர்களோட 20,327 மணிக்கட்டு எக்ஸ்-ரே படங்களை, முறிவு எங்கேன்னு குறிச்சு, 2022-ல பொதுவுல விட்டிருக்கு. பேர், விவரம் எல்லாம் நீக்கின படங்கள். அதுக்கு முன்னாடியே 2018-ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தோள்ல இருந்து விரல் வரைக்கும் 40,561 படங்களை வெளியிட்டுச்சு. இங்கிலாந்துல முறிவைத் தேட டாக்டர்களுக்கு உதவற ஏ.ஐ. சாஃப்ட்வேர்கள் நாலை அவசரச் சிகிச்சைப் பிரிவுகள்ல பயன்படுத்திப் பார்க்கலாம்னு 2025-ல பச்சைக்கொடி காட்டினாங்க. மெஷின் மட்டுமே முடிவெடுக்கக் கூடாது, கூடவே ஒரு டாக்டரும் பார்க்கணும்கிற கண்டிஷனோடதான்.

ஏன் அந்தக் கண்டிஷன்? மெஷின் படத்தைப் பார்க்கும். மூக்குப்பொடி டப்பாவை அமுக்கிப் பார்க்குமா?

விழுந்தா... டூ அண்ட் டோன்ட்!

* மோதிரம், வளையல், வாட்ச், காப்பு எல்லாத்தையும் உடனே கழட்டுங்க. வீங்கின பிறகு கழட்டறது பெரும்பாடு.

* ஒரு அட்டையோ ஸ்கேலோ வெச்சு அசையாம துணியால கட்டி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்க. துணியில சுத்தின ஐஸ் ஓகே. வெறும் ஐஸ் நோ.

* 'சுளுக்கு எடுக்கறேன்'னு யார்கிட்டயும் உருவி விட நீட்டாதீங்க. உள்ளே முறிவு இருந்தா துண்டு நகர்ந்துடும்.

* 'விரல் அசையுது, அதனால முறிவு இல்லை' - சுத்தப் பொய். படகு உடைஞ்சும் விரல் ஜோரா ஆடும்.

* எக்ஸ்-ரேன்னா பயம் வேண்டாம். மணிக்கட்டுப் படத்துக்கான கதிர்வீச்சு, மார்பு எக்ஸ்-ரேயைவிடக் குறைவு. கர்ப்பமா இருந்தா மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க.

* பழைய ஃபிலிமைத் தூக்கிப் போடாதீங்க. ரெண்டாவது படத்தோட ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் சாட்சி.

* 'மறுபடி வாங்க'ன்னு சொன்ன தேதியை செல்போன்ல அலாரம் வெச்சுடுங்க.

என் கதை

அந்தக் கடைசி பாயின்ட்டை நான் ஏன் அழுத்திச் சொல்றேன்னா...

மேட்ச் முடிஞ்ச மறுநாள் எனக்கு எக்ஸ்-ரே எடுத்தாங்க. ஒண்ணும் தெரியலை. டாக்டர் பொறுப்பாத்தான் கட்டு போட்டார். 'பன்னிரண்டு நாள் கழிச்சுக் கண்டிப்பா வாங்க'ன்னு சீட்டுலயும் எழுதினார். நான்தான் போகலை. செமஸ்டர் எக்ஸாம்! எழுதறதுக்கு இடைஞ்சலா இருக்குன்னு ஒன்பதாவது நாள் நானே கட்டைப் பிரிச்சேன். வலியும் குறைஞ்சிருந்துச்சு. 'பார்த்தியா, சுளுக்குதான்'னு எனக்கு நானே சர்ட்டிஃபிகேட் கொடுத்துக்கிட்டேன்.

எட்டு மாசம் கழிச்சு, பக்கெட்ல தண்ணி தூக்கும்போது கை சட்டுனு விட்டுப்போச்சு. மறுபடி எக்ஸ்-ரே. இந்தத் தடவை எனக்கே தெரிஞ்சுது. படகோட இடுப்புல கறுப்பா ஒரு பிளவு. ரெண்டு பக்கமும் வெள்ளை பார்டர். ஒட்டவே இல்லை. இடுப்பு எலும்புல இருந்து கொஞ்சம் எடுத்து வெச்சு, ஸ்க்ரூ போட்டு, மூணு மாசம் கட்டு. அம்மா காதுத் தோடு அடகுக் கடைக்குப் போச்சு. எலும்பு ஒருவழியா ஒட்டிருச்சு. ஆனா, மணிக்கட்டு பின்பக்கமா பாதிதான் மடங்கும். அதான் புஷ்-அப் கதை.

முதல் தடவையே ஒழுங்கா கட்டோட இருந்திருந்தா? நகராத இடுப்பு முறிவுகள்ல பெரும்பாலானவை எட்டுல இருந்து பன்னிரண்டு வாரத்துல வெறும் கட்டுலயே ஒட்டிடும். ஆபரேஷனே தேவைப்பட்டிருக்காது.

அந்த கேட்ச் இப்பவும் ஹாஸ்டல்ல பேசப்படுது. நான் தவற விட்டது அந்தப் பன்னிரண்டாவது நாளைத்தான்.

கட்டை விரலை ஒரு தடவை நீட்டி, அந்தக் குழி எங்கே இருக்குன்னு இப்பவே பார்த்து வெச்சுக்குங்க. அடுத்து டைவ் அடிக்கப்போற ரூம்மேட்டுக்கும் காட்டிடுங்க.